உப்பு என்னும் பெயர்

1927ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு சிறு கடிதம் வெளியாயிற்று. எழுதியவர் ஹென்றி ஆர்ம்ஸ்டிராங் என்னும் ஆங்கிலேய வேதியியலாளர். அப்போது அவருக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தின் தலைப்பைத் தமிழில் 'பாவம், சாதாரண உப்பு!' என்று சொல்லலாம். உப்புப் படிகத்திற்குள் 'சோடியம் குளோரைடு' என்று தனித்த மூலக்கூறு எதுவும் கிடையாது. சோடியமும் குளோரினும் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப்போல மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று இயற்பியலாளர்கள் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. ஆர்ம்ஸ்டிராங்கால் அதைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. சாதாரண புத்திக்கே ஒவ்வாத அபத்தம் என்று சீறினார்.

கிழவரின் கோபம் என்று அதை ஒதுக்கிவிடலாம்தான். இன்றைய பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் இயற்பியலாளர்களின் பக்கமே நிற்கின்றன. ஆயினும் வேதியியலின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டுபவர்களுக்கு ஒரு விந்தை புலப்படும். உப்பு என்றால் என்ன என்று இந்த அறிவியல் வரையறுக்க முயன்றபோதெல்லாம், அந்த வரையறைக்குள் அடங்காமல் தொல்லை கொடுத்தது நாம் சோற்றில் இடும் அதே உப்புதான். ஓர் இனம் முழுவதற்கும் தன் பெயரைக் கொடுத்த பொருள், அந்த இனத்திற்குள் தனக்கே இடமில்லாமல் வாசலில் நின்ற கதை இது. அது நின்ற ஒவ்வொரு முறையும் இடிக்கப்பட்டது வாசல்தான் என்பதே இந்தக் கதையின் சுவை.

நாவும் நீரும் தீயும்

பதினேழாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பாவில் உப்பு என்பது மிகப் பெரியதொரு குடும்பப் பெயர். நீரில் கரையவேண்டும், நாவில் சுவை தெரியவேண்டும், தீயில் எரியாதிருக்கவேண்டும். இத்தகுதிகள் இருந்தால் ஒரு பொருள் உப்பு எனப்பட்டது. கடலுப்பு, வெடியுப்பு, நவச்சாரம், படிகாரம், வெங்காரம், அன்னபேதி, மயில்துத்தம் ஆகிய யாவும் இதற்குள் அடங்கின. இன்று நாம் அமிலம் என்றும் காரம் என்றும் பிரித்துச் சொல்பவையும் அன்று உப்புகளாகவே கருதப்பட்டன. ஒன்று புளிக்கும் உப்பு, மற்றது கரிக்கும் உப்பு. பதினாறாம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாப் பொருள்களிலும் உறைந்திருக்கும் மூன்று தத்துவங்களுள் ஒன்றாகவே உப்பை வைத்தார். பொருள் எரிந்தபின் எஞ்சுவது, அதற்கு உருவமும் திண்மையும் கொடுப்பது எதுவோ அது உப்பு.

நம் சித்த மருத்துவ மரபு தாதுப்பொருள்களைப் பிரித்த முறையை இத்துடன் ஒப்புநோக்கலாம். நீரில் கரைந்து, தீயிலிட்டால் வெடித்து ஆவி விடுபவை உப்பு அல்லது காரசாரம், அவை 25. நீரில் கரையாமல், தீயில் ஆவி விடுபவை பாடாணம், அவை 64. இரு மரபுகளும் தம்முள் பேசிக்கொண்டவை என்று சொல்ல வரவில்லை. பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று காண வழியில்லாத காலத்தில், அறிவுள்ள மனிதர்கள் எங்கிருந்தாலும் அதை நீரிடமும் தீயிடமும் நாவிடமும்தான் கேட்டிருக்கிறார்கள். இது மூடத்தனம் அன்று. கையிலிருந்த கருவிகளைக் கொண்டு செய்யப்பட்ட நேர்மையான வகைப்பாடு.

ஆனால் நாக்கு சில வேளைகளில் கொல்லும். ஈயத்தின் சேர்மங்களுள் ஒன்றுக்கு ஐரோப்பியர் 'ஈயச் சர்க்கரை' என்று பெயரிட்டிருந்தனர். இனிப்பாக இருக்கும் என்பதே காரணம். புளித்துப்போன திராட்சை மதுவில் மிருதாரசிங்கியைப் போட்டால் புளிப்பு மறைந்து இனிமை ஏறும் என்பதை மது வணிகர்கள் அறிந்திருந்தார்கள். 1690-களில் ஜெர்மனியின் ஊல்ம் நகரில், கடும் வயிற்றுவலியால் துடித்த துறவிகளைக் கவனித்த எபர்ஹார்ட் கோக்கெல் என்ற மருத்துவர், மது அருந்தாத துறவிகளுக்கு அந்நோய் வரவில்லை என்பதைக் கண்டார். தடம் பிடித்துச் சென்றபோது மிருதாரசிங்கி அகப்பட்டது. 1696-இல் வூர்ட்டெம்பெர்க் கோமகன் மதுவில் அதைக் கலப்பவர்களுக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார்.

இங்கே நடந்ததை இன்றைய மொழியில் எளிதாகச் சொல்லிவிடலாம். மதுவின் புளிப்பிலுள்ள அசிட்டிக் அமிலமும் ஈய ஆக்சைடும் கூடி ஓர் உப்பு உண்டாயிற்று. புளிப்பும் போயிற்று, மண்கட்டி போன்ற பொருளும் மறைந்தது, இனிக்கும் நஞ்சொன்று பிறந்தது. ஆனால் 'சர்க்கரை' என்ற பெயரால் அதை அறிந்தவர்களுக்கு இந்த உறவு எதையும் அந்தப் பெயர் உணர்த்தவில்லை. அது சுவையை மட்டுமே சொன்னது, பிறப்பைச் சொல்லவில்லை.

கலைந்த தொப்பியும் ஒரு வரையறையும்

பிறப்பைக் கொண்டு உப்பை அறிவது பதினேழாம் நூற்றாண்டிலேயே மெல்லத் தொடங்கிவிட்டது. கடலுப்பின்மீது கந்தகத் திராவகத்தை ஊற்றிக் காய்ச்சிய கிளாபர், எஞ்சிய பொருளை 'அற்புத உப்பு' என்று கொண்டாடி மருந்தாகப் பரிந்துரைத்தார். அது சோடியம் சல்ஃபேட். இன்றும் கிளாபர் உப்பு என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. ராபர்ட் பாயில் 1664-இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும் என்று எழுதினார். அமிலத்தையும் காரத்தையும் நாவின் உதவியின்றிப் பிரித்தறிய முதன்முறையாக ஒரு பொதுவழி கிட்டிற்று. இரண்டையும் அளவோடு கலந்தால் சாறு நிறம் மாறாமல் நிற்கும். அப்போது பிறப்பது 'நடுநிலை உப்பு'.

1736-இல் துயமெல் துய் மோன்சோ என்ற பிரெஞ்சுக்காரர் கடலுப்பைப் பிரித்து ஆராய்ந்து, அதன் அடியில் இருக்கும் காரம் மரச்சாம்பலிலிருந்து கிடைக்கும் காரத்திலிருந்து வேறானது என்று காட்டினார். ஒன்று சோடா, மற்றது பொட்டாஷ். பார்வைக்கும் சுவைக்கும் ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டையும் 1750-களின் இறுதியில் மார்கிராப் சுடரில் காட்டிப் பிரித்தார். சோடாவின் உப்புகள் சுடருக்கு மஞ்சள் நிறத்தையும், பொட்டாஷின் உப்புகள் இளம் ஊதாவையும் கொடுத்தன.

இந்தச் சிதறிய அறிவையெல்லாம் ஒரே வாக்கியத்தில் கோத்தவர் கியோம் பிரான்சுவா ரூயெல். பாரீசின் அரசத் தோட்டத்தில் வேதியியல் விளக்கிக் காட்டும் பணியிலிருந்தவர். மிடுக்கான உடையுடன் மேடையேறுவாராம். பேச்சில் சூடு ஏற ஏறத் தொப்பியைக் கழற்றுவார், பொய்முடியைக் கழற்றுவார், மேலங்கியையும் கழற்றி எறிவார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்டவர்களுள் தீதெரோ உண்டு, ரூஸோ உண்டு, இளைஞரான லவாஸியேயும் உண்டு.

1744-இலும் 1754-இலும் எழுதிய கட்டுரைகளில் ரூயெல் முன்வைத்த கருத்து இது: ஓர் அமிலம், தனக்கு அடித்தளமாக நின்று திடவடிவம் தரக்கூடிய ஏதேனும் ஒரு பொருளுடன் கூடுவதால் உண்டாவதே நடுநிலை உப்பு. அந்த அடித்தளம் காரமாக இருக்கலாம், சுண்ணாம்பு போன்ற மண்ணாக இருக்கலாம், உலோகமாகவும் இருக்கலாம். காய்ச்சினால் ஆவியாகி ஓடிப்போகும் இயல்புடைய அமிலத்தைப் பிடித்து நிறுத்துவது அதுவே. ஐரோப்பிய மொழிகள் இன்றும் காரங்களுக்குப் பொதுவாக வழங்கும் சொல்லுக்கு அடித்தளம் என்றுதான் பொருள். எதற்கு அடித்தளம் என்பதை அந்த மொழிகளின் மாணவர்கள் மறந்துபோயிருக்கக்கூடும். நம் பழைய பாடநூல்களில் வரும் 'உப்புமூலம்' என்ற கலைச்சொல்லோ அதை மறக்கவிடவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அதையே சுருக்கி 'மூலம்' என்கின்றன. ரூயெலின் எண்ணம் முழுவதும் அந்தத் தமிழ்ச்சொல்லில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த வரையறை சாதித்தது என்ன? சுவை, கரைதிறன் இரண்டையும் அது தகுதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நீரில் கரையாத, நாவில் ஒன்றும் உணர்த்தாத பொருளும் இனி உப்பாக இருக்கலாம். இனிக்கும் ஈயச் சர்க்கரை சர்க்கரைகளின் கூட்டத்தை விட்டு உப்புகளின் கூட்டத்திற்கு வந்துசேரலாம். கடலுப்பும் அதில் ஓர் உறுப்பினர். சோடாவை அடித்தளமாகக் கொண்டு 'கடல் அமிலம்' நிலைபெற்றதால் பிறந்தது. தலைவன் என்ற தகுதியை இழந்து பலருள் ஒருவனாகிவிட்டபோதும், வீட்டிற்குள் அதற்கு இடமிருந்தது.

ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு

வரையறை கிடைத்துவிட்டது. பெயர்கள் பழையனவாகவே இருந்தன. அக்கால வேதியியல் நூலொன்றைத் திறந்தால் சமையற்கட்டில் நுழைந்தது போலிருக்கும். ஆன்டிமனி வெண்ணெய், கந்தக ஈரல், துத்தநாகப் பூ, துத்த எண்ணெய், ஈயச் சர்க்கரை. கண்டுபிடித்தவர் பெயரால் கிளாபர் உப்பு, ஊர்ப் பெயரால் எப்சம் உப்பு. ஒரு பொருளுக்கு ஐந்தாறு பெயர்கள்; ஒரே பெயரில் இரண்டு பொருள்கள். சில பத்து உப்புகளே தெரிந்திருந்த காலத்தில் இதை மனப்பாடம் செய்துவிட முடிந்தது. அமிலங்களும் உப்புமூலங்களும் பெருகப் பெருக அவற்றின் கூட்டுகள் பெருக்கல் வாய்பாட்டைப்போல விரிந்தன. 1789-இல் வெளியான தம் நூலில் லவாஸியே கணக்கிட்டுக் காட்டினார்: அறியப்பட்ட அமிலங்கள் 48, உப்புமூலங்கள் 24, ஆகவே எண்ணிப்பார்க்கத்தக்க நடுநிலை உப்புகள் 1152. இத்தனைக்கும் தனித்தனியே பூ, வெண்ணெய், ஈரல் என்று பெயர் வைக்க எந்தச் சமையற்கட்டிலும் சரக்கில்லை.

பெயர்களைச் சீர்திருத்தவேண்டும் என்று 1782-இல் முதலில் குரல் கொடுத்தவர் கிதோன் தெ மோர்வோ. வழக்கறிஞராக இருந்து வேதியியலுக்கு வந்தவர். சட்டம் படித்தவருக்குப் பெயர்க் குழப்பத்தின் விலை தெரிந்திருந்ததில் வியப்பில்லை. அவருடன் லவாஸியே, பெர்த்தோலே, ஃபூர்குருவா ஆகியோர் சேர, 1787-இல் புதிய பெயரிடும் முறை நூலாக வெளிவந்தது. ஓர் உப்பின் பெயர் இனி இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் எந்த அமிலம் என்று சொல்லும், இரண்டாவது எந்த உப்புமூலம் என்று சொல்லும். அமிலத்தில் ஆக்ஸிஜன் மிகுந்திருந்தால் உப்பின் பெயர் ஒரு விகுதியிலும், குறைந்திருந்தால் மற்றொரு விகுதியிலும் முடியும். சல்ஃபேட், சல்ஃபைட் என்று இன்று நம் பிள்ளைகள் சொல்லும் ஈறுகள் அந்த 1787ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்தவை. கிளாபரின் அற்புத உப்பு 'சோடாவின் சல்ஃபேட்' ஆயிற்று. அற்புதம் போய்விட்டது, ஆனால் அதை எப்படிச் செய்வது என்ற குறிப்பு பெயருக்குள்ளேயே வந்து அமர்ந்துகொண்டது.

உப்பைப்பற்றிப் பேசும்போது லவாஸியேயின் மற்றொரு முகத்தையும் நினைக்காதிருக்க முடியாது. 1768 முதல் அவர் அரசனுக்காக வரி திரட்டும் குத்தகைதாரர் குழுவில் பங்குதாரர். அக்குழு திரட்டிய வரிகளுள் மக்கள் மிகவும் வெறுத்தது உப்பு வரி. வரி கடுமையாக இருந்த பகுதிகளில், எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் கணக்கிலும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு உப்பை அரசு கிடங்கிலிருந்து வாங்கியே ஆகவேண்டும். கடத்துபவர்களுக்குக் காத்திருந்தது கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. வேதாரண்யத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆய்வகத்தின் நுண்ணிய தராசுகளுக்கான செல்வத்தில் பெரும்பங்கு இந்தக் குத்தகையிலிருந்து வந்தது. 1790-இல் புரட்சி அரசு உப்பு வரியை ஒழித்தது. 1794ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் குத்தகைதாரர்கள் 28 பேர் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டனர். லவாஸியேயும் அவருடைய மாமனாரும் அவர்களுள் இருந்தனர்.

கடைத்தெரு உப்பின் பகை அப்படி முடிந்தது. ஏட்டில் அது வைத்திருந்த பொறி வெடிக்க இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன.

இல்லாத ஆக்ஸிஜன்

லவாஸியேயின் அமைப்பு முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் நின்றது: அமிலத்தன்மையைத் தருவது ஆக்ஸிஜனே. அந்தப் பெயருக்கே அமிலத்தைப் பிறப்பிப்பது என்றுதான் பொருள். கந்தகம், பாஸ்பரஸ், கரி ஆகியவற்றை எரித்தால் அமிலம் கிடைக்கிறது. எரிதல் என்பது ஆக்ஸிஜனுடன் கூடுவது. ஆகவே எல்லா அமிலத்திலும் ஆக்ஸிஜன் உண்டு என்பது வாதம். அப்படியானால் கடலுப்பிலிருந்து வரும் அமிலத்திலும் ஆக்ஸிஜன் இருந்தாகவேண்டும். அதில் ஆக்ஸிஜனுடன் கூடியிருக்கும் பொருளை யாரும் பிரித்துக் காட்டியதில்லை. லவாஸியே தயங்கவில்லை. தம் 33 எளிய பொருள்களின் பட்டியலில் அந்தக் காணப்படாத பொருளுக்கும் ஒரு வரி ஒதுக்கி வைத்தார். நாளை யாரேனும் கண்டுபிடிப்பார்கள் என்பது எண்ணம்.

கண்டுபிடிக்க முயன்றவர்கள் யாவரும் தோற்றனர். ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு மருந்தாளுநர் 1774-இல் கடல் அமிலத்திலிருந்து மூச்சுமுட்டும் பசுமஞ்சள் வாயு ஒன்றைப் பிரித்திருந்தார். கடல் அமிலத்தில் இன்னும் ஆக்ஸிஜன் கூடியதே அது என்று லவாஸியே பள்ளியினர் விளக்கினர். 1809-இல் கே-லுசாக்கும் தெனாரும் அந்த வாயுவைச் செம்பழுப்பாகக் காய்ந்த கரிமேல் செலுத்தினர். கரி ஆக்ஸிஜனை எங்கிருந்தாலும் பறித்துக்கொள்ளும். ஒன்றும் நிகழவில்லை. இது ஒரு தனிமமாகவும் இருக்கலாம் என்று எழுதிவிட்டு, ஆசானின் கொள்கையை மீற மனமின்றிப் பழைய கருத்திலேயே நின்றுகொண்டனர்.

மீறுவதற்கு இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி இருந்தார். 1807-இல் மின்கலத்தின் துணையால் பொட்டாஷிலிருந்தும் சோடாவிலிருந்தும் பொட்டாசியம், சோடியம் என்னும் உலோகங்களைப் பிரித்தெடுத்தவர் அவர். அதே மின்கலத்தால் கரியை வெண்சூடாக்கி அந்தப் பசுமஞ்சள் வாயுவுக்குள் வைத்தும் ஆக்ஸிஜனின் சுவடுகூடக் கிட்டவில்லை. இல்லாததை இருக்கிறது என்று எத்தனை நாள் சொல்வது? 1810-இல் ராயல் கழகத்தின் முன் டேவி அதை ஒரு தனிமம் என்று அறிவித்து, வெளிர்பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் குளோரின் என்று பெயரிட்டார். எந்தக் கொள்கையையும் ஏற்றாத பெயர் அது; கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மட்டுமே சொல்லும் பெயர். முன்னவர் ஒருவர் பெயருக்குள் கொள்கையை வைத்துச் சூடுபட்டதைப் பார்த்தவர் வைத்த பெயர் எனலாம். ஆக்ஸிஜன் என்ற பெயரோ தன் பிழையைச் சுமந்தபடி இன்றும் உலவுகிறது. நம் பழைய 'பிராணவாயு' அந்தப் பிழையிலிருந்து தப்பிக்கொண்டது.

விளைவை எண்ணிப் பாருங்கள். கடலுப்பில் சோடியமும் குளோரினும் மட்டுமே உண்டு; ஆக்ஸிஜன் இல்லை. ஆக்ஸிஜன் ஏறிய அமிலமும் ஆக்ஸிஜன் ஏறிய உப்புமூலமும் கூடியதே உப்பு என்பது அன்றைய சட்டம். இச்சட்டப்படி கடலுப்பு உப்பாகாது! அக்கால வேதியியலின் பேரரசராகத் திகழ்ந்த ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸுக்கு இது பெருஞ்சங்கடமாயிற்று. பல ஆண்டுகள் குளோரினைத் தனிமமாக ஏற்க மறுத்தார். பின்னர் அயோடின் வந்தது. ஆக்ஸிஜனே இல்லாத அமிலங்கள் வேறும் வந்தன. அவர் மனம் மாறிய நாளைப்பற்றி அவருடைய மாணவர் வோலர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கலத்தைக் கழுவிக்கொண்டிருந்த சமையற்காரப் பெண் அன்னா, பழைய பெயரைச் சொல்லி அந்த வாயுவின் நாற்றம் வருகிறது என்றாளாம். இனிமேல் அதைக் குளோரின் என்று சொல், அதுவே நல்லது என்றாராம் பெர்சீலியஸ். ஒரு கொள்கையின் மரணம் அத்தனை அமைதியாகச் சமையற்காரியிடம்தான் முதலில் அறிவிக்கப்பட்டது.

ஆனால் வகைப்பாட்டை என்ன செய்வது? பெர்சீலியஸ் உப்புகளை இரண்டாகப் பிரித்தார். ஆக்ஸிஜன் முதலியவற்றைக் கொண்ட முறையான உப்புகள் ஒரு பக்கம். கடலுப்பும் அதன் உறவினரும் மறுபக்கம். இவற்றுக்கு அவர் இட்ட கிரேக்கப் பெயரின் பொருள் 'உப்பைப் போன்றவை'. உப்பே உப்பைப் போன்றதாகிவிட்டது! அதே கிரேக்க வேரிலிருந்து குளோரின் குடும்பத்திற்கு வந்த பெயரைத்தான் நாம் ஹாலஜன் என்றும் உப்பீனி என்றும் வழங்குகிறோம். அமிலமும் இன்றி உப்புமூலமும் இன்றி, உலோகத்துடன் நேரே கூடி உப்பை ஈனுபவை என்று பொருள்.

கடலுப்பை மீண்டும் வீட்டிற்குள் அழைத்துவர 1838-இல் லீபிக் வழிசெய்தார். அமிலத்தை அமிலமாக்குவது ஆக்ஸிஜன் அன்று. உலோகத்தால் பெயர்க்கத்தக்க ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனின் இடத்தில் உலோகம் வந்து அமர்ந்தால் உப்பு. இவ்வரையறைக்குள் சல்ஃபேட்டும் குளோரைடும் ஒரே வரிசையில் நின்றன. டேவியும் முன்னரே இத்திசையில் கை காட்டியிருந்தார்.

கரைந்தபின்

சிறிது காலம் அமைதி. பிறகு மறுபடியும் உப்புநீர்க் குவளையிலிருந்து கலகம் தொடங்கியது.

1884-இல் ஸ்வான்டே அர்ரேனியஸ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வேட்டை அளித்தார். உப்புக் கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்தும் முறை பற்றியது அது. தேர்வாளர்கள் குறைந்த மதிப்பெண்ணே கொடுத்தனர். அந்தத் தரத்தை வைத்துக்கொண்டு பல்கலைக்கழக ஆசிரியர் பதவியை எதிர்பார்ப்பது கடினம். 1887-இல் அவர் தம் கருத்தை இன்னும் துணிவாக வெளியிட்டார். உப்பு நீரில் கரைந்தவுடனேயே, மின்சாரம் செலுத்தாதபோதும், எதிரெதிர் மின்னேற்றமுடைய அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. உப்புக் கரைசல்களின் உறைநிலையும் சவ்வூடுபரவல் அழுத்தமும் கணக்கிட்டதைவிட ஏறக்குறைய இருமடங்கு விலகி நின்ற புதிருக்கு இதுவே விடை என்றார். ஒரு துகள் இரண்டாகப் பிரிந்திருந்தால் கணக்கு இருமடங்காகத்தானே வரும்?

எதிர்த்தவர்களின் கேள்வி எளியது, நியாயமானதும்கூட. சோடியத் துண்டை நீரிலிட்டால் சீறிப் பற்றிக்கொள்ளும். குளோரினோ நஞ்சு, பின்னாளில் 1915-இல் ஈப்ரு போர்க்களத்தில் படைவீரர்களைக் கொல்லப் பயன்பட்டது. இவ்விரண்டும் நாம் குடிக்கும் கஞ்சியில் தனித்தனியே மிதக்கின்றன என்று சொன்னால் யார்தான் நம்புவார்? சோடியம் அணு வேறு, மின்னேற்றம் பெற்ற சோடியம் அயனி வேறு. பெயர் ஒன்றாயினும் குணம் வேறு என்பதே மறுமொழி. எலக்ட்ரான் கண்டறியப்பட்ட 1897-க்குப் பின் அம்மறுமொழிக்கு உடல் கிடைத்தது. தேறமாட்டார் என்று கருதப்பட்டவருக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. இறுதிவரை ஏற்காதவர்களுள் ஒருவர் நாம் தொடக்கத்தில் சந்தித்த ஆர்ம்ஸ்டிராங்.

கரைந்தபின்தான் பிரிகிறது என்றாவது ஆறுதல் கொண்டிருந்தனர் பழையவர்கள். 1913-இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டறிந்தபோது அந்த ஆறுதலும் பறிபோயிற்று. படிகத்திற்குள் ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்கு உரியது என்ற கேள்விக்கே இடமில்லை. உப்பு நீரில் கரையும்போது இணை பிரிவதில்லை. இணையென்று ஒன்று தொடக்கத்திலேயே இருந்ததில்லை. பிராக் தம் தந்தையுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட 1915-இல் அவருக்கு வயது 25.

ஆர்ம்ஸ்டிராங்கின் கடிதத்தை இப்போது திரும்ப நினைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது. அவர் தலைமுறையினருக்கு மூலக்கூறு என்பது வெறும் கருத்தன்று. ஒரு பொருளின் மிகச்சிறிய துகள் அதுவே, பொருளின் தன்மையெல்லாம் அதனுள் அடங்கும் என்று கற்று, கற்பித்து, அதைக்கொண்டு கரிமச் சேர்மங்களின் பேருலகத்தையே கட்டி எழுப்பியிருந்தார்கள். அந்த உலகில் அக்கருத்து பிழையும் அன்று. சர்க்கரைக்கு மூலக்கூறு உண்டு. ஆனால் ஓரிடத்தில் மெய்யானதை எல்லா இடத்திற்கும் நீட்டியபோது, முன்பு லவாஸியே தடுக்கிய அதே கல்லில் அவர்களும் தடுக்கினர். அந்தக் கல் உப்பு.

பெயர் நிலைத்தது

இன்றைய வரையறை சுருக்கமானது. நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் கொண்ட தொகுப்பான சேர்மம் உப்பு. அமிலத்தைப் பற்றியோ உப்புமூலத்தைப் பற்றியோ அதில் பேச்சில்லை. ரூயெல் வலியுறுத்திய திடவடிவமும் கட்டாயமன்று. 1914-இல் பால் வால்டன் விவரித்த ஓர் உப்பு 12 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். நம் அறைகளில் வைத்தால் அது நீர்போல் ஓடும். இன்று அத்தகைய திரவ உப்புகள் ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்திருக்கின்றன.

உப்பாக இருப்பதற்குச் சுவை தேவையில்லை, கரைய வேண்டியதில்லை, ஆக்ஸிஜன் வேண்டாம், மூலக்கூறு வேண்டாம், திடமாக இருக்கவும் வேண்டாம். தேவையென்று நினைத்தவை ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. ஆக்ஸிஜனும் மூலக்கூறும் உதிர்ந்தபோதெல்லாம் சான்று சொல்லக் கடலுப்பே கூண்டேறியது. மிகப் பழகிய பொருளைத்தான் நாம் கடைசியாக அறிந்துகொள்கிறோம் போலும்.

உதிர்ந்த கொள்கைகளும் முற்றாகப் போய்விடுவதில்லை. மேனிலைப் பள்ளி ஆய்வகத்தில் உப்பைக் கண்டறியும் சோதனை செய்தவர்களுக்கு நினைவிருக்கும். காகிதப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை வெண்தூள் கொடுக்கப்படும். அதன் அமில உறுப்பு எது, கார உறுப்பு எது என்று கண்டுபிடித்து எழுதவேண்டும். அந்த உறுப்புகள் இரண்டும் ரூயெலும் லவாஸியேயும் பேசியவற்றின் எச்சங்கள். தூளுக்குள் இப்போது அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்று பாடநூலின் இன்னோர் அத்தியாயம் சொல்லும். ஆனாலும் கண்ணாடிக் குழாயில் வீழ்படிவு இறங்கும்போது, அந்தப் பழைய சொற்களே மாணவன் கையைப் பிடித்து விடைக்கு அழைத்துச் செல்கின்றன. சுடரில் மஞ்சள் தெரிந்தால் சோடியம் என்று அவன் எழுதுவதும் மார்கிராபின் வழிதான்.

அந்த ஆய்வகத்தில் எல்லா மாணவர்க்கும் ஒரு கட்டளை உண்டு: எதையும் நாவில் வைத்துப் பார்க்கக்கூடாது. உப்பு என்ற பெயர் எங்கிருந்து பிறந்ததோ அந்த வழி அங்கே அடைக்கப்பட்டிருக்கிறது. ஊல்ம் நகரத் துறவிகளை நினைத்தால் அது சரியான கட்டளைதான். வீட்டிற்குத் திரும்பி இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைக்கப்படும்போது, எந்த வரையறையும் கேளாமல் நாக்கு அதைப் பெயர் சொல்லி அழைத்துவிடுகிறது.